ஏரித் தண்ணி தெளிவு பாக்குற செக்கி தட்டு: 5க்கு 4

வாங்கலாம், ஆனா கூட வர்ற கயிறை மட்டும் நம்பாதீங்க. 20 செ.மீ. அகலத்துல கருப்பு வெள்ளையா நாலு பங்கு பெயின்ட் அடிச்ச தட்டு, அவ்ளோதான், பேட்டரி கிடையாது ஆப் கிடையாது, 1865ல ஆஞ்செலோ செக்கின்னு ஒரு பாதிரியார் கடல்ல இறக்கிப் பாத்த ஐடியா இன்னிக்கும் ஓடுது. படகோட நிழல் பக்கமா மெதுவா இறக்கி எங்க மறையுது, தூக்கும்போது எங்க திரும்ப தெரியுதுன்னு பாத்து ரெண்டு ஆழத்துக்கும் ஆவரேஜ் எடுக்கணும், அது அதிகமா இருந்தா தண்ணி தெளிவுன்னு அர்த்தம்.

சாக்கடையும் உரமும் கலந்தா பாஸ்பரஸ் ஏறி பாசி பெருகும், தட்டு சீக்கிரமே மறைஞ்சிரும். அமெரிக்கால வாஷிங்டன் ஏரிக்குள்ள வந்த கழிவுநீரை 1968க்குள்ள வேற பக்கம் திருப்பிவிட்டாங்க, அப்புறம் தண்ணி தெளிஞ்சத அளந்து காட்டினது இந்த மாதிரி தட்டுதான்!

குறைன்னா, கலங்கல் பாசியாலயா சேத்தாலயான்னு இது சொல்லாது. அதவிட பெரிய சிக்கல், தெளிவா இருக்குறதால ஏரி நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. வட அமெரிக்கால இருக்குற ஈரி ஏரில கப்பலோட வந்து சேந்த சீப்ரா மட்டிங்கிற சின்ன சிப்பி மிதக்குற பாசியெல்லாம் வடிகட்டித் தின்னு தண்ணிய தெளிய வச்சிருச்சு, ஆனா விஷப்பாசி பின்னாடி திரும்ப வரத்தான் செஞ்சுது. அதனால பாஸ்பரஸ் டெஸ்ட் கிட் ஒண்ணும் சேத்து வச்சுக்கோங்க.

கயிறு நனைஞ்சா நீளுது, மார்க் எல்லாம் தப்பாகுது, நான் கழட்டிட்டு ஃபைபர் டேப் கட்டிட்டேன். அடியில தொங்குற வெயிட்டும் பத்தல, காத்தடிச்சா தட்டு சாஞ்சிருது.