ஆறாவது வாரத் தடுப்பூசி: மாநகராட்சி நிலையமா, தனியார் கிளினிக்கா?

எங்கள் மகள் 2023 அக்டோபர் இறுதியில் ராயபுரத்தில் பிறந்தாள். பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்றும் பிறந்த இடத்திலேயே முடிந்துவிட்டதால், ஊசியை எங்கே போடுவது என்ற கேள்வி ஆறாவது வாரத்தில்தான் எழுந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும், குழந்தை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கும் நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஓரிடத்தில் இலவசம், மற்றதில் ஒவ்வொரு முறையும் ஆயிரங்களில். நிலையத்தில் புதன்கிழமைக் கூட்டத்தில் காத்திருக்க வேண்டும். கிளினிக்கில் மாலையில் நேரம் குறித்துக்கொண்டு போகலாம். 'வலியில்லா ஊசி' என்று கிளினிக்கில் சொல்வதிலும் குத்தும்போது குழந்தை அழத்தான் செய்யும்; பிறகு வரும் காய்ச்சலும் தொடை வீக்கமும்தான் குறைவு. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு, நிலையத்தில் போடும் பென்டாவலன்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) தருவதைவிட விரைவில் தேய்ந்துவிடுகிறது.

எங்களுக்கு முடிவைச் சொன்னது மின்சாரம். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து, எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி, கரண்ட் போய், நாட்கணக்கில் வரவில்லை. தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: புயல் நாட்களில் மருந்து எங்கே இருந்தது?

கிளினிக் உதவியாளர், "ஃபிரிட்ஜை நாங்க திறக்கவே இல்லை மேடம்" என்றார். அது வீட்டில் வைத்திருப்பது போன்ற சாதாரண ஃபிரிட்ஜ். அவர் காட்டிய மருந்துச் சீசாவில் வெப்பத்தைக் காட்டும் குறியீடும் இல்லை. நிலையத்துச் செவிலியரோ, சுவர்களுக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும் ஐ.எல்.ஆர். பெட்டி ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே தாங்கும் என்றும், அதற்கும் வழியில்லாதபோது மருந்தை ஐஸ் பேக் வைத்த குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுவோம் என்றும் விளக்கிவிட்டு, ஒரு சீசாவை என் கண்ணருகே நீட்டினார். அதில் ஒரு சிறு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருந்தன. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வெப்பம் ஏற ஏறச் சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தச் சீசாவைத் தூக்கி எறிய வேண்டும். நான் பார்த்த சதுரம் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அந்தக் குறியீடு வெப்பத்தை மட்டுமே காட்டும். உறைந்து கெட்டுப்போன மருந்தைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் அவரே சொன்னது என் நம்பிக்கையைக் கூட்டியது.

டிசம்பர் 13, புதன்கிழமை, இரு தொடைகளிலும் வலது கையிலுமாக மூன்று ஊசிகளும், போலியோவுக்கும் ரோட்டா வைரஸுக்கும் சொட்டு மருந்தும் அங்கேயே போட்டுக்கொண்டோம். அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தது. மறுநாள் மாலைக்குள் இறங்கிவிட்டது.

நான் பார்த்தது ஒரு நிலையத்தையும் ஒரு கிளினிக்கையும் மட்டுமே. மருந்துக்கெனத் தனி ஃபிரிட்ஜ் வைத்துப் பேணும் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அரசு அட்டவணையில் இல்லாத டைபாய்டு தடுப்பூசிக்காக, ஒன்பதாவது மாதத்தில் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் போனோம். மருத்துவர் பேசத் தொடங்கும் முன்பே என் பார்வை ஃபிரிட்ஜ் கதவில் இருந்த வெப்பமானிக்குப் போனது. அது 5 காட்டியது.