தார் பீப்பா ஏற்றும் பங்கு லொறி: எங்கே நல்லது, எங்கே காசு போகும்

புறக்கோட்டையில் ஏற்றி, கினிகத்தேனை வழியாக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று இறக்கிக்கொண்டு வரும், பலருடைய சாமானையும் சேர்த்து ஏற்றும் பங்கு லொறிச் சேவை இது. தோட்டப் பாதைக்கு இமல்ஷனும் (தண்ணீரில் கலந்த தார்) லயக் கூரைக்குத் தார்ச்சீலையும் எடுப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். சொன்ன நாளில் வருகிறது, கண்முன்னால் நிறுக்கிறார்கள். குறை பில்லில் இருக்கிறது. எதை ஏற்றினாலும் "தார்" என்று எழுதி, எரியும் சாமானுக்கான கூடுதல் கட்டணத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

தார் எல்லாம் ஒன்றல்ல. சீ.ஆர்.எஸ் 1, சீ.எஸ்.எஸ் 1 போன்ற இமல்ஷன்கள் தண்ணீரில் கலந்தவை, தீப்பிடிக்காது. ஆறிக் கெட்டியான பீப்பாத் தாரும் அபாயப் பொருள் அல்ல. மண்ணெண்ணெய் கலந்த எம்.சி 30, எம்.சி 70 வகைகள் எரியக்கூடியவை, அபாயப் பொருள்களுக்கான யூ.என். (ஐ.நா.) இலக்கம் 1999, 3ஆம் அபாய வகுப்பு, அதாவது எரியும் திரவம். 100 பாகைக்கு மேல் சூடாக பவுசரில் போவது 9ஆம் அபாய வகுப்பு. கடையில் வாங்கும்போதே பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் 14ஆம் பிரிவில் யூ.என். இலக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், கூடுதல் கட்டணத்தை எடுத்துவிடுவார்கள். ஏற்றிய பிறகு காட்டினால் பில் மாறாது.

அடுத்தது அடர்த்தி. 200 லீற்றர் பீப்பா 58 சென்ரிமீற்றர் அகலம், 88 உயரம். இமல்ஷனோடு சுமார் 220 கிலோ. சதுரமாக அளந்தால் கன மீற்றருக்கு 740 கிலோ வருகிறது. அமெரிக்கச் சரக்குக் கட்டணத்துக்கான அடர்த்திக் கணக்கில் இது 55ஆம் வகுப்பு, அதாவது இடத்தை அடைக்காத கனச் சாமான். இந்தச் சேவை கன மீற்றரை 333 கிலோவாக வைத்து, நிறை, பருமன் இரண்டில் கூடியதற்குக் காசு எடுக்கிறது. நிறைந்த பீப்பாவுக்கு அதனால் நட்டமில்லை. வெறும் பீப்பாவைத் திருப்பி அனுப்பினால்தான் அடி: 18 கிலோ தகரத்துக்குச் சுமார் 99 கிலோ கட்டணம். தோட்டத்திலேயே வெட்டித் தகடாக்கிவிடுவது மேல்.

மூன்றரை தொன் லொறியில் 15 பீப்பாவுக்கு மேல் ஏற்றச் சம்மதிக்க வேண்டாம். மேலே இடம் காலியாகத்தான் தெரியும். கினிகத்தேனை வளைவுகளில் பிரேக் பிடிப்பது நிறையைத்தான். பீப்பா நிமிர்ந்து, மூடி மேலே பார்த்து நிற்க வேண்டும். தார்ச்சீலைச் சுருளும் அப்படியே. படுக்க வைத்தால் கொழும்பு வெயிலில் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், விரிக்கும்போது கிழியும். இந்த இரண்டையும் பையன்கள் சொல்லாமலே சரியாகச் செய்கிறார்கள்.

இறக்கும்போது மூடியைச் சுற்றிப் பாருங்கள். கறுத்துக் காய்ந்திருந்தால் பழைய கசிவு. செம்பழுப்பாக ஈரமிருந்தால் வழியில் ஒழுகியது. வாஷர் போயிருக்கும், உடனே பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நுவரெலியா இறக்குமிடத்துக்குக் கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை. தை, மாசி உறைபனியில் இமல்ஷனை அங்கே இரவு விடக்கூடாது. உறைந்தால் திரிந்த பால்போல் தண்ணீர் வேறு, கட்டி வேறாகிவிடும், கலக்கினாலும் சேராது. அந்த மாதங்களில் தலவாக்கலையிலேயே இறக்கிக்கொண்டு, பகலில் சின்ன லொறியில் மேலே எடுங்கள். திறப்பதற்கு முன் பீப்பாவை நாலைந்து தடவை உருட்டி, ஒரு கம்பை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். கம்பில் கட்டி ஒட்டாமல் ஒரே வழுவழுப்பாக வந்தால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம்.