அபார்ட்கன்ட்ரோலர்: நம்பி எடுக்கலாம், ஆனால் சர்வரை நிறுத்தாது

தேடல் பெட்டியில் ஒருவர் 'மது' என்று தட்டிவிட்டு உடனே 'மதுரை' என்று முடிக்கிறார். இரண்டு ரிக்வெஸ்ட்டும் போய்விடுகின்றன, முதலில் போனதற்கான பதில் பிந்தி வந்து சரியான பட்டியலை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பிழையைத் தேடி ஒரு வாரம் அலைந்திருக்கிறேன், ஏனென்றால் ஆபீஸ் வைஃபையில் அது வரவே வராது, மெதுவான மொபைல் நெட்டில்தான் தலைகாட்டும். அனுப்பிய ரிக்வெஸ்ட்டைப் பாதியில் ரத்து செய்ய பிரவுசரிலேயே இருக்கும் அபார்ட்கன்ட்ரோலர் மீது எனக்கு இவ்வளவு பிரியம் வந்தது அந்த வாரத்தில்தான்.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச் 2015-ல் குரோமில் வந்தபோது அனுப்பியதை நிறுத்த வழியே இல்லை. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57-லும் அடுத்த ஆண்டு குரோம் 66-லும் அபார்ட்கன்ட்ரோலர் வந்து சேர்ந்தது. ஒரு கன்ட்ரோலரை உருவாக்கி, அதோடு வரும் சிக்னலை (ரத்துச் செய்தியைக் கொண்டுபோகும் பொருள்) ஃபெட்சுக்குக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்றதும் அபார்ட்டைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே சிக்னலைப் பத்து ரிக்வெஸ்ட்டுக்கும், கிளிக் போன்றவற்றைக் கவனிக்கும் ஈவென்ட் லிசனருக்கும்கூடக் கொடுக்கலாம் என்பது. பக்கங்களைக் கட்டும் ரியாக்ட் லைப்ரரியில், யூஸ்எஃபெக்டின் கிளீனப்பில் (திரையிலிருந்து நீங்கும்போது ஓடும் பகுதி) ஒரே வரி, பக்கத்தை விட்டுப் போனதும் எல்லாம் நின்றுவிடும். ரிக்வெஸ்ட் அனுப்பும் லைப்ரரியான ஆக்சியாஸும் 0.22 பதிப்பில், ரத்து செய்வதற்கான தன் பழைய கேன்சல்டோக்கனைக் கைவிடச் சொல்லிவிட்டு இதற்கே மாறிவிட்டது.

சரி, குறைகள். ஒருமுறை அபார்ட் செய்த கன்ட்ரோலரை மறுபடி பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக உருவாக்க வேண்டும்; இதை மறந்தால் அடுத்த ரிக்வெஸ்ட் கிளம்பாமலே செத்துவிடும். அப்புறம், ரத்தானதும் அபார்ட்எரர் என்ற பிழையாக, பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குத்தான் வந்து விழும். அதன் பெயரைப் பார்த்துத் தனியாகப் பிரிக்காவிட்டால், பயனர் அடுத்த எழுத்தைத் தட்டியதற்கெல்லாம் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று சிவப்பில் காட்டிப் பயமுறுத்துவோம். நேரக்கெடுவுக்கு அபார்ட்சிக்னல்.டைம்அவுட் இருக்கிறது, அது டைம்அவுட்எரர் என்று வேறு பெயரில் வருவதால் குழப்பமில்லை.

பெரிய விஷயம் ஒன்று. இது பதிலுக்காகக் காத்திருப்பதைத்தான் நிறுத்துகிறது. ரிக்வெஸ்ட் ஏற்கெனவே சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே வேலை நடந்து முடிந்திருக்கலாம், ஆர்டர் பதிவாகியிருக்கலாம், பணமும் கழிந்திருக்கலாம். பணம் கட்டும் பக்கத்தில் ரத்து பட்டனை அபார்ட்டோடு மட்டும் இணைத்து எழுதிய நிரல் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.