இலை ஓரத்துல கறுப்புக் கோடு: ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபாவா, ப்ரீமல்டிப்ளைடா?

ஒரு சின்ன 2டி கேம் பண்ணிட்டிருந்தப்போ வாழை இலை ஸ்ப்ரைட் (கேம்ல வர்ற சின்னப் படம்) ஒண்ணு, எடிட்டர்ல பாத்தா பளிச்சுன்னு இருக்கும், கேம்ல வெளிர் பேக்ரவுண்டு மேல போட்டா ஓரம் பூரா மெல்லிசா ஒரு அழுக்குக் கோடு. படம் வரைஞ்சு குடுத்த பையன்கிட்ட மூணு தடவ திருப்பி அனுப்பினேன், அவனும் பாவம் மூணு தடவ ஓரத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்தான். தப்பு படத்துல இல்ல, என் ப்ளெண்டிங்ல, அதாவது படத்தைப் பின்னணியோட கலக்குற கணக்குல.

ஆல்ஃபான்னா ஒரு பிக்சல் பின்னாடி இருக்கிறதை எவ்வளவு மறைக்குதுன்னு சொல்ற எண்: சைபர்னா காலி, முழுசுன்னா முழு மறைப்பு. அதைக் கலரோட சேத்து வைக்க ரெண்டு முறை, ஸ்ட்ரெய்ட், ப்ரீமல்டிப்ளைடு. ரெண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். ஸ்ட்ரெய்ட்ல கலர் முழுசா இருக்கும், ஆல்ஃபா பக்கத்துல தனியா இருக்கும், வரையும்போதுதான் ரெண்டையும் பெருக்குவோம். ப்ரீமல்டிப்ளைடுல கலரை ஆல்ஃபாவால முன்கூட்டியே பெருக்கி வச்சிடுவோம். காபி கணக்குல சொன்னா, முதலாவது டிகாஷன் பாத்திரமும் "பாதி ஊத்து"ன்னு ஒரு சீட்டும், ரெண்டாவது டம்ளர்ல அளந்து ஊத்தியே வச்சாச்சு, நீங்க பால் விட்டா போதும். ஓபன்ஜிஎல்ல (கிராபிக்ஸ் வரையற ஏபிஐ) ப்ளெண்ட் ஃபங்ஷன் வரையற படத்தை (சோர்ஸ்) ஒரு ஃபேக்டராலயும், பின்னாடி இருக்கிறதை இன்னொரு ஃபேக்டராலயும் பெருக்கிக் கூட்டும். இதுல முதல் ஃபேக்டர் ஒண்ணுதான் மாறும்: ஸ்ட்ரெய்ட்டுக்கு சோர்ஸ் ஆல்ஃபா, ப்ரீமல்டிப்ளைடுக்கு ஒன். ரெண்டாவது ரெண்டுக்குமே ஒன் மைனஸ் சோர்ஸ் ஆல்ஃபாதான்.

இப்ப அந்தக் கோட்டுக்கு வருவோம். இலையோட ஓரப் பிக்சல் பச்சை, 40, 180, 40, ஆல்ஃபா முழுசு. அதுக்குப் பக்கத்துல காலி பிக்சல், நாலுமே சைபர். ஸ்ப்ரைட் அரை பிக்சல் நகர்ந்தாலோ பெருசாக்கினாலோ ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) லீனியர் ஃபில்டர்ல ரெண்டையும் சராசரி எடுக்கும்: 20, 90, 20, ஆல்ஃபா பாதி. பாருங்க, கண்ணுக்கே தெரியாத அந்தக் காலி பிக்சலோட கறுப்பு இங்க கலந்துடுச்சு. ஸ்ட்ரெய்ட்ல இதை வெள்ளை மேல வரைஞ்சா பச்சை சேனல் 90ல பாதி 45, வெள்ளையோட பாதி 127, கூட்டினா 172 சொச்சம். உண்மையில வரவேண்டியது 180ல பாதி 90 கூட்டல் 127, அதாவது 217. அந்த 45 குறையுதே, அதான் அழுக்குக் கோடு. ப்ரீமல்டிப்ளைடுல 90ஐ மறுபடி பெருக்காம அப்படியே கூட்டுறோம், சரியா 217 வந்து நிக்குது.

இதுல நான் ஏமாந்த இடம் இருக்கு. எங்கயோ படிச்சுட்டு டெக்ஸ்ச்சரை (ஜிபியுக்கு ஏத்துற படம்) மட்டும் ப்ரீமல்டிப்ளை பண்ணி லோடு பண்ணினேன், ப்ளெண்ட் ஃபங்ஷனைத் தொடல, கோடு ஒரு மயிரிழை கூட மாறல, "இதெல்லாம் சும்மா கதை"ன்னு தூக்கிப் போட்டுட்டேன். யோசிச்சுப் பாத்தா மாற வாய்ப்பே இல்ல. என் இலையில ஆல்ஃபா ஒண்ணு முழுசு, இல்லன்னா சைபர். முழுசால பெருக்கினா அதே கலர், காலி பிக்சல் ஏற்கனவே கறுப்பு, ஆக பெருக்கினதும் பெருக்காததும் பைட் மாறாம ஒரே டேட்டா. மாத்தியிருக்க வேண்டியது அந்த ஒரு ஃபேக்டரைத்தான்.

ஸ்ட்ரெய்ட்டை ஒரேயடியா மட்டம் தட்டவும் மனசு வரல. பிஎன்ஜி ஃபார்மேட்டே ஸ்ட்ரெய்ட்தான், அதுக்கு நியாயமும் இருக்கு: 8 பிட்ல ஆல்ஃபா 2 இருக்கிற பிக்சலை ப்ரீமல்டிப்ளை பண்ணினா ஒவ்வொரு சேனலுக்கும் 0, 1, 2ன்னு மூணே மதிப்புதான் மிஞ்சும். டம்ளர்ல ரெண்டு சொட்டு டிகாஷனை வச்சுட்டு பாத்திரத்துல எவ்வளவு திக்கா இருந்துச்சுன்னு கேட்டா எப்படிச் சொல்றது? பிரவுசர் கேன்வாஸ்ல ஒரு கலரைப் போட்டு திருப்பிப் படிச்சா வேற நம்பர் வர்றது பெரும்பாலும் இதனாலதான். கோடு பிரச்சினைக்கும் ஸ்ட்ரெய்ட்ல ஒரு ஒட்டு வேலை இருக்கு, காலி பிக்சல்களுக்குப் பக்கத்துக் கலரை இழுத்து நிரப்பி வைக்கிறது. வேலை செய்யும், ஆனா அடுத்த தடவ யாராவது படத்தை வேற எடிட்டர்ல திறந்து சேவ் பண்ணினா அந்தக் கலர் இருக்குமான்னு உத்தரவாதம் கிடையாது.

ஆனா நடுவுல ஒரு லேயர் வந்துட்டா ஸ்ட்ரெய்ட் நிஜமாவே திணறும். காலி ரெண்டர் டார்கெட்ல (திரைக்குப் பதிலா முதல்ல வரைஞ்சு வச்சுக்கிற இடம்) பாதி ஆல்ஃபா கண்ணாடி ஒண்ணை வரையுங்க. அதே ப்ளெண்ட் ஃபங்ஷன் ஆல்ஃபா சேனலுக்கும் ஓடுறதால 0.5 பெருக்கல் 0.5, உள்ள 0.25 தான் உக்காந்திருக்கும். அந்த லேயரைத் திரையில போட்டா மெனு பேனல் பேய் மாதிரி தெரியும். ஆல்ஃபாவுக்குத் தனி ஃபங்ஷன் குடுத்து இதைச் சரி பண்ணலாம்தான், ஆனா அப்பவும் அந்த லேயருக்குள்ள கலர் பெருக்கின நிலையிலதான் கிடக்கும், அப்ப நீங்க உங்களுக்கே தெரியாம ப்ரீமல்டிப்ளைடுக்கு வந்துட்டீங்க. 1984ல லூகாஸ்ஃபிலிம்ல இருந்த போர்ட்டரும் டஃபும் கம்போசிட்டிங் பத்தி எழுதின பேப்பர்லயே பெருக்கி வச்சுக்கிறதுதான் வசதின்னு இறங்கினாங்க. லேயர்களை எந்த ஜோடியா முதல்ல சேத்தாலும் ஒரே விடை வர்றது அதுலதான். (மேல கீழ வரிசையை மாத்தினா விடை மாறும், சார்ட் பண்ற தலைவலி ரெண்டுலயும் அப்படியே இருக்கு.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது நெருப்பு. கலர் இருக்கட்டும், ஆல்ஃபாவை மட்டும் சைபர் ஆக்கினா ப்ரீமல்டிப்ளைடுல அது அடிட்டிவ் ப்ளெண்டிங் ஆயிடும், பின்னாடி இருக்கிறதை மறைக்காம வெளிச்சத்தை மட்டும் கூட்டும். தீப்பொறியும் புகையும் ஒரே ட்ரா கால்ல (ஜிபியுக்குக் குடுக்கிற ஒரே வரையற கட்டளை), மோடு மாத்தாம, பொறி மெதுவா புகையா மாறுற மாதிரி கூட பண்ணலாம். ஸ்ட்ரெய்ட்ல ஆல்ஃபா சைபர்னா ஒண்ணுமே தெரியாது, முடிஞ்சுது கதை.

ப்ரீமல்டிப்ளைடுக்கு மாறும்போது எல்லாரும் இடிச்சுக்கிற இடம் ஃபேட், அதாவது படத்தை மெதுவா மறைய வைக்கிறது. பழைய பழக்கத்துல ஆல்ஃபாவை மட்டும் 0.5 ஆக்கினா படம் மங்காம பளபளன்னு எரியும், கலரையும் சேத்துப் பெருக்கணும். மைக்ரோசாஃப்ட்டோட கேம் ஃப்ரேம்வொர்க் எக்ஸ்என்ஏ 4.0 வந்து 2010ல டீஃபால்ட்டை ப்ரீமல்டிப்ளைடா மாத்தினப்போ பழைய கோடை அப்படியே கொண்டு போனவங்களுக்கும் இந்த வேலைதான். எஸ்ஆர்ஜிபி டெக்ஸ்ச்சர்னா (கலர் எண்கள் உண்மையான வெளிச்சத்துக்கு நேர் விகிதத்துல இல்லாதது) இன்னொண்ணும் இருக்கு, நேர் விகிதமான லீனியருக்கு மாத்தின பிறகுதான் பெருக்கணும், இல்லன்னா ஓரம் மறுபடி கறுக்கும்.

இப்ப நான் வச்சிருக்கிற ஏற்பாடு: டிஸ்க்ல ஸ்ட்ரெய்ட், லோடர்ல ஒரே ஒரு இடத்துல பெருக்கல், அதுக்கு அப்புறம் எல்லாமே ப்ரீமல்டிப்ளைடு. வெப்ஜிஎல்ல (பிரவுசருக்கான ஓபன்ஜிஎல் மாதிரி) கேன்வாஸும் டீஃபால்ட்டா அதைத்தான் எதிர்பார்க்குது, அதனால அங்க இது இன்னும் சுலபம். ஓரம் கறுத்தா எங்கயோ ரெண்டு தடவ பெருக்கியிருக்கேன், ஓரம் வெளிறி எரிஞ்சா எங்கயோ பெருக்க மறந்திருக்கேன். படம் வரையற பையனுக்கு இப்பல்லாம் நான் ஃபோன் பண்றது புதுப் படம் கேக்கத்தான்.