அருவி ஸ்டேஜில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்: கான்ட்ராவோடு 28 வருடம்

போன வாரம் பழைய டிவி கேமின் ஜாய்ஸ்டிக்கை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். பி பட்டன் வேலை செய்யவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா கேமில் பி பட்டன் போனால் துப்பாக்கி போச்சு. ஏ பட்டனை வைத்துக் குதித்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். கடைக்காரர் பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தார். பச்சைப் போர்டில், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்ததுபோல் ஒரு கறுப்புத் தடம். அதன்மேல் உட்காரும் ரப்பரின் அடிப்பூச்சு முழுசாகத் தேய்ந்திருந்தது. பக்கத்திலேயே இருக்கும் செலக்ட் பட்டனின் ரப்பர் புதுசுபோல இருந்தது. "இது ஒண்ணு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே, அப்படி என்னம்மா விளையாடுவீங்க?" என்று கேட்டார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடத்தைத் துடைத்து, வேறொரு செத்த ஜாய்ஸ்டிக்கிலிருந்து ரப்பரை எடுத்துப் போட்டார். 80 ரூபாய்.

அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்ததும் அலுவலகத் தோழி கூப்பிட்டாள். "என் பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு போனோட ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்திருக்காங்க. இதை வாங்கிக் கொடுத்தா சேர்ந்து விளையாடுவாங்களா?" போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1997-ல். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அப்பா வேலையாகச் சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில் வாங்கி வந்தார். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். அதே கேம்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. அதில் கான்ட்ராவும் இருந்தது, அது போதும். ஜப்பான் கம்பெனியான கொனாமி 1987-ல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு மெஷினுக்காகச் செய்து, 1988-ல் வீட்டு டிவி கேம் பெட்டிக்கு மாற்றிய கேம் அது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீலப் பேன்ட் போட்டவன் அண்ணன், சிவப்புப் பேன்ட் போட்டவன் நான்.

இதில் ரத்தத்தின் அளவைக் காட்டும் பட்டையெல்லாம் கிடையாது. ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு. பன்னிரண்டு வயதுக்காரனுக்கும் அதே கதி, எட்டு வயதுக்காரிக்கும் அதே கதி. அந்தச் சமம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் வேறு எதிலும் எனக்கு அண்ணனோடு சமம் கிடைத்ததில்லை.

முதல் ஸ்டேஜில் தண்ணீருக்குள் இறங்கிக் கீழ் பட்டனை அழுத்தினால் ஆள் முழுகிவிடுவான், குண்டு மேலே போய்விடும். இதைக் கண்டுபிடித்தது நான்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழுகிக் கிடப்போம். அண்ணன் "இப்போ" என்பான், சேர்ந்து எழுவோம், சுடுவோம், மறுபடி முழுகுவோம். அந்த "இப்போ"வுக்காகவே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுப்பாடம் செய்யாமல் போயின. ஐந்து குண்டுகளை விசிறிபோல் பரப்பும் எஸ் கன் பறந்து வந்தால் யார் எடுப்பது என்று சண்டை வரும். செத்துப்போனால் கன் போய்விடும் என்பதால், நெடுநேரம் உயிரோடு இருப்பவருக்கே அதைக் கொடுப்பது நல்லது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் தானாக உருவானது. பெரும்பாலும் அது அண்ணன்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் வருத்தமெல்லாம் மூன்றாவது ஸ்டேஜ், அந்த அருவி.

மற்ற ஓட்ட ஸ்டேஜ்களில் திரை பக்கவாட்டில் நகரும். ஒருவர் பின்தங்கி இடது ஓரத்தில் நின்றால் திரை நகராது, முன்னால் போனவர் காத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். அருவியில் திரை மேல்நோக்கிப் போகும். அங்கே அந்தக் கரிசனம் கிடையாது. யார் மேலே ஏறுகிறாரோ அவரோடு திரையும் ஏறிவிடும். கீழே இருப்பவரின் காலடியில் இருந்த பாறை திரைக்கு வெளியே போய்விடும், பாறையோடு ஆளும் போய்விடுவான். எதிரி சுடவில்லை, மேலிருந்து உருண்டு வரும் பாறாங்கல் மேலே விழவில்லை. கூட வந்தவன் ஒரு படி அதிகமாக ஏறினான், அதற்காக நான் சாகவேண்டும்.

"அண்ணா, இரு!" என்று எத்தனை முறை கத்தியிருப்பேனோ. அவன் நிற்கமாட்டான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை; அசையும் பாறைமேல் நின்றுகொண்டு யாரால் காத்திருக்க முடியும்? அவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை, எனக்கு எட்டிப் பிடிக்க நேரமில்லை. இந்த ஸ்டேஜை வரைந்தவர்கள் கட்டாயம் இரண்டு பேராக உட்கார்ந்து விளையாடியிருப்பார்கள். அப்போது அவர்களில் மெதுவாக ஏறுகிறவர் ஒருவர்கூடவா இல்லை? 28 வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. 2019-ல் வந்த, பழைய கான்ட்ரா கேம்களின் தொகுப்பான கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷனைத் தள்ளுபடியில் வாங்கி ஜப்பான் பதிப்பையும் ஆடிப் பார்த்தேன். அதில் காட்டு மரங்கள் காற்றில் ஆடுகின்றன, பனி ஸ்டேஜில் நிஜமாகவே பனி பொழிகிறது, ஸ்டேஜுக்கு முன்னால் வரைபடம் வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் அருவி அதே அருவிதான்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். இந்தக் கேமில் ஒருவரின் லைஃப் எல்லாம் தீர்ந்துபோனால், ஏ பட்டனை அழுத்தி மற்றவரின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய சம்மதம் வேண்டாம். இதை அருவியோடு சேர்த்துப் பாருங்கள். அண்ணன் அவசரப்பட்டு ஏறினான், நான் மூன்று முறை விழுந்து செத்தேன். சரி, நான்காவது லைஃப் யாருடையது? அவனுடையது. இன்னொரு முறை ஏறினான், அதுவும் அவனுடையதுதான். அவன் என்னை விட்டுவிட்டு ஓடியதற்கு விலையை அவன் பையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். இரண்டு மூன்று முறை இப்படி ஆனபிறகு, ஒருநாள் அருவியின் பாதியில் அகலமான ஒரு பாறையில் போய் நின்று, என் பக்கம் திரும்பாமலேயே, "வா, ஏறு" என்றான். அந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் அந்த ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரியை, அதாவது பாஸை, முதல்முறையாகப் பார்த்தேன். அதன் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாக உடைத்தோம்.

அதனால்தான் 30 லைஃப் வித்தைமேல் எனக்குக் கோபம். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. கேம் தொடங்கும் முன் இந்த வரிசையில் அழுத்தினால் ஆளுக்கு மூன்று லைஃபுக்குப் பதிலாக 30 கிடைக்கும். 1986-ல் கொனாமியின் இன்னொரு கேமான கிராடியஸுக்காகக் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற புரோகிராமர் செய்துவைத்த குறுக்குவழி அது. கேம் தனக்கே கஷ்டமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டாராம். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த வித்தை இல்லாமல் போயிருந்தால் பாதிப் பேர் கான்ட்ராவின் எட்டாவது ஸ்டேஜைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டோம். ஆனால் 30 லைஃப் வந்ததும் அண்ணன் காத்திருப்பதை விட்டுவிட்டான். "விழுந்தா என்ன, நிறையத்தான் இருக்கே" என்பான். கடைசி ஸ்டேஜ்வரை போனோம், அந்தத் துடிக்கும் இதயத்தை உடைத்தோம். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மூன்று லைஃபோடு ஐந்தாவது ஸ்டேஜில் பனியில் செத்த நாட்கள்தான் நிறைவாக இருந்தன.

இப்போது தோழிக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை, புது ரப்பர் போட்ட ஜாய்ஸ்டிக்கை என் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. முதல் ஸ்டேஜில் இரண்டு பேரும் தண்ணீரில் முழுகிச் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அருவி வந்தது. அவள் ஏறினாள். "அக்கா, இரு! அக்கா!" என்று அவன் கத்தினான். அவள் நிற்கவில்லை. மூன்று முறை விழுந்தபிறகு ஜாய்ஸ்டிக்கைத் தரையில் எறிந்துவிட்டு என் மடியில் வந்து விழுந்து அழுதான். ஏ பட்டன் விஷயத்தைச் சொல்ல நினைத்தேன், அந்த அழுகையில் வாய் வரவில்லை.

அதனால், வாங்காதே. உன் சின்னவனுக்கு ஒன்பது வயதாவது ஆகட்டும். இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். அவன் அழுததைப் பார்த்த கையோடு என்னால் வேறு மாதிரி சொல்ல முடியவில்லை. எப்படியும் வாங்குவதென்றால் ஒயர் உள்ள ஜாய்ஸ்டிக்காகப் பார்த்து வாங்கு. ஒயர் இல்லாத ஒன்றை நான் வாங்கி ஏமாந்தேன். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். ஒரே குண்டில் செத்துப்போகும் கேமில் அந்த ஒரு கணம் பெரிது.

நேற்று ஓசூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். சனிக்கிழமை வருகிறானாம். "ஸ்டேட்டஸ் பாத்தேன். பி பட்டன் சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். ஆயிற்று என்றேன். மூன்று லைஃப்தான், வித்தை கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். சரி என்றான். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளப் போகிறேன், அருவியில் மாமா எந்தப் பாறையில் நிற்கிறான் என்று அவன் பார்க்கட்டும்.