நாவலா, வீடியோ கேமா?

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு. இதைப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மேசையைச் சுற்றி ஐந்து பேர் ஆட ஒரே ஒரு விதிநூல் போதும். விற்பனை அதோடு நின்றுவிடும். அதனால்தான் அதே கதையுலகை வைத்து விற்க வேறு பொருள்களைத் தேடிப் போகிறார்கள். நாவல் போடுவதா, வீடியோ கேமுக்கு உரிமம் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

நாவல் என்றால் கதையுலகம் கைவிட்டுப் போகாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், டிராகன்லான்ஸ் என்ற தன் விளையாட்டு உலகை வைத்து 1984இல் நாவல்களைத் தொடங்கியது, அமோகமாக விற்றது. ஆனால் அச்சுச் செலவு முழுக்கப் பதிப்பாளர் தலையில். விற்காத பிரதிகள் குவியலாகத் திரும்பி வந்ததுகூட அந்நிறுவனம் சரிய ஒரு காரணம். 1997இல் அதை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது.

வீடியோ கேமுக்கு உரிமம் கொடுத்தால் பணம் போடுவது அடுத்தவர். ஆர். டால்சோரியன் என்ற பதிப்பாளர் 1988இல் கொண்டுவந்த சைபர்பங்க் என்ற மேசை விளையாட்டை வைத்து, சிடி புராஜெக்ட் ரெட் என்ற வீடியோ கேம் நிறுவனம் 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077ஐ வெளியிட்டது. அதற்குச் சற்று முன்னால், நவம்பரில், ஆர். டால்சோரியன் தன் புதிய விதிநூலான சைபர்பங்க் ரெட்டைக் கொண்டுவந்தது. வீடியோ கேம் பற்றிய பேச்சிலேயே விதிநூலும் கவனம் பெறும் என்பது அருமையான கணக்கு! என்ன, வெளியாகும் தேதி, தரம் எதுவும் நம் கையில் இருக்காது.

சிறிய பதிப்பாளர் என்றால் நான் உரிமத்தைத்தான் சொல்வேன். ஆனால் கதையுலகத்தின் உரிமையை மட்டும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.