தூளியா, தோளா, பாயா?

ஆறாவது வாரத்தில் என் மகன் சாயங்காலம் ஐந்தரைக்கு அழத் தொடங்கினால் எட்டரைக்குத்தான் ஓய்வான். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, எல்லாம் ஆன பிறகும் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் கருஞ்சிவப்பாகும்வரை அழுகை. வீட்டில் ஆளுக்கொரு காரணம். உரம் விழுந்திருக்கும், முறத்தில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும் என்றார் பெரியம்மா. மாமியார் போனிலேயே கண்ணேறு என்று முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னார். சுற்றிப் போட்டோம், யாருக்கும் நஷ்டமில்லை. முறத்தில் உருட்டத்தான் நான் விடவில்லை.

குழந்தை மருத்துவர் எடையைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கோலிக்தான், மூணு நாலு மாசத்துல தானா போயிடும்" என்றார். 1954-ல் மோரிஸ் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் வகுத்த கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: நன்றாக வளரும் பிள்ளை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். ஆறாவது வார வாக்கில் உச்சம், பிறகு இறங்குமுகம். ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. வயிற்றில் காற்று என்று நாம் சொல்வதும் பல நேரம் தலைகீழ்தான். அழுது அழுது காற்றை விழுங்கியே வயிறு உப்பிவிடுகிறது.

என் பாடு இதோடு முடியவில்லை. பகலில் அவன் இருபது நிமிடத்துக்கு மேல் தூங்கமாட்டான். பகல் தூக்கம் கெட்ட நாளில் சாயங்காலக் கச்சேரி இன்னும் மோசம். கைவசம் இருந்த வழிகள் மூன்று: அம்மா கட்டிக்கொடுத்த தூளி, தோளில் போட்டு நடப்பது, பாயில் கிடத்தித் தட்டிக்கொடுப்பது. மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் தெரிந்தது, அழுகையை அமர்த்துவதில் ஒன்று கெட்டி, தூக்கத்தை நீட்டுவதில் இன்னொன்று கெட்டி. முதல் ஒரு மாதம் இரண்டுக்கும் ஒரே வழியைத் தேடியதுதான் என் தப்பு.

தூளியிலிருந்து தொடங்குகிறேன். அம்மா வீட்டு உத்தரத்தில் பழைய இரும்புக் கொக்கி உண்டு. நானும் என் அண்ணனும் தொங்கியது அதில்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன பருத்திப் புடவையை இரட்டையாக மடித்துக் கட்டி, துணி இரண்டு பக்கமும் விரிந்து நிற்க மேலே குறுக்கே ஒரு கட்டையைச் செருகினார். முடிச்சுப் போட்டதும் முதல் வேலையாகத் தன் இரண்டு கையையும் உள்ளே வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தார். அப்புறம் ஒரு தலையணையைப் போட்டு ஆட்டிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பிள்ளை.

தூங்கவைக்கும் வேகத்தில் தூளியை எதுவும் அடிக்க முடியாது. சுருண்டு படுத்த உடம்பு, இரு பக்கமும் துணியின் அணைப்பு, ஒரே தாளத்தில் ஆட்டம். ஏழெட்டு நிமிடத்தில் கண் சொருகிவிடும், ஒரு மணி நேரம்கூடத் தூங்குவான். ஆட்டுகிறவருக்கும் ஒரு கை சும்மா இருக்கும்; அந்தக் கையால்தான் நான் இரண்டு வாரம் சாப்பிட்டேன்.

ஆனால் குறை சின்னதில்லை. துணி குழிந்து கழுத்து முன்னால் மடியும், தாடை நெஞ்சில் படும், சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு அது ஆபத்து. துணியின் ஓரம் மூக்கை மூடினால் விலக்க அவனுக்குத் தெரியாது. சமமான, கெட்டியான பரப்பில் மல்லாந்து தூங்குவதே பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இரவுக்கு மட்டுமில்லை, பகலுக்கும் சேர்த்துத்தான். இதைச் சொன்னால் "உங்களையெல்லாம் எதுல வளர்த்தோமாம்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் தூளிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னை அடுக்குமாடி வீட்டில் அந்தப் பாட்டி இல்லை. அதனால் தூங்கவைக்க மட்டும் தூளி, கண் அசந்ததும் பாய் என்று வைத்துக்கொண்டேன். பாதி நாள் பலித்தது, பாதி நாள் பாயில் முதுகு பட்டதும் விழித்துக்கொண்டான்.

கடையில் விற்கும் ஸ்பிரிங் தொட்டிலும் வாங்கிப் பார்த்தோம். அதன் குதிப்பு எனக்கே குமட்டியது. பரணுக்குப் போய்விட்டது.

சாயங்கால அழுகைக்குத் தூளி சுத்தமாக உதவாது. உள்ளே போட்டால் இன்னும் வீறிடுவான். அங்கே தோள்தான். தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதாது, நடக்க வேண்டும். ஜப்பானின் ரிகென் ஆய்வு மையத்தில் குமி குரோடாவின் குழு 2022-ல் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்தது இதைத்தான்: அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தாமல் 5 நிமிடம் நடந்தால் இதயத் துடிப்பு இறங்கிப் பலரும் தூங்கிப்போனார்கள். உடனே கிடத்தக் கூடாது. மேலும் 5 முதல் 8 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறைவு. பிள்ளையை உசுப்புவது மெத்தை உடம்பில் படுவதைவிட, நம் உடம்பிலிருந்து வயிறு பிரியும் அந்தக் கணம்தான் என்பது இன்னொரு தகவல். இதைப் படித்த பிறகு கிடத்தும் விதத்தை மாற்றினேன். அவன் வயிறு என்னோடு ஒட்டியிருக்க நானும் சேர்ந்தே குனிந்து, முதலில் இடுப்பு, பிறகு தலை, கடைசிவரை நெஞ்சில் ஒரு கை. தூளியிலிருந்து எடுத்துக் கிடத்தும்போதும் அதே கதைதான்.

தோளைப் பற்றிக் கூடுதலாகவும் பேசிவிடக் கூடாது. மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் இருவரும் 1986-ல் செய்த ஆய்வில், நாளுக்குக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். அவை சாதாரணக் குழந்தைகள். அதே பார் 1991-ல் கோலிக் உள்ள பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தபோது அழுகை குறையவில்லை. என் அனுபவமும் அதேதான். தோள் அந்த நிமிடத்தை அமர்த்தும், அந்த மூன்று மணி நேரத்தை ஒழிக்காது. கையும் இடுப்பும் விட்டுப்போகும். ராத்திரி எட்டு மணிக்கு மனசும் விட்டுப்போகும். ஒரு நாள் அவனைப் பாயில் மல்லாத்திக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்தி, மாடிப்படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டுதான் இருந்தான். ஆத்திரத்தில் பிள்ளையைக் குலுக்குவது மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குப் போகும். அழவிட்டு ஐந்து நிமிடம் விலகுவதில் எந்த ஆபத்தும் இல்லை.

பாய் மெதுவான வழி. கண் சிவந்து கொட்டாவி வரும் நேரம் பார்த்து (அந்த வயதில் விழித்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்) கிடத்தித் தட்ட வேண்டும். பத்துக்கு மூன்று முறைதான் தூங்குவான், அதுவும் காலை முதல் தூக்கத்தில் மட்டும். ஆகவே நான் அதற்கு மட்டும் பாயை வைத்துக்கொண்டேன்.

மின்விசிறி இரைச்சல்போல் ஓடும் ஆப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உதவும், ஆனால் காதோரம் வைக்காதீர்கள். 2014-ல் இப்படிப்பட்ட 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து 30 செ.மீ. தூரத்தில் அளந்தபோது மூன்று 85 டெசிபலைத் தாண்டின. இரண்டு மீட்டர் தள்ளி, சின்னதாக ஓடட்டும்.

வாய்வழி வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கியது. அந்தக் காலக் கலவையில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன, பிள்ளை அமைதியானதில் வியப்பில்லை. இப்போது ஆல்கஹால் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் மாறவில்லை. வசம்புக்கு ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர், ஆனாலும் உரசி நாக்கில் தடவ நான் சம்மதிக்கவில்லை. அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். தொப்புளைச் சுற்றித் தடவுவதோடு அம்மா நிறுத்திக்கொண்டார். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் மறுப்பு, இதில் ஒன்று வந்தாலும் கோலிக் என்று வீட்டில் உட்காரக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

பதினான்காவது வாரத்தில் சாயங்கால அழுகை அரை மணி நேரமாகச் சுருங்கியது. நாலரை மாதத்தில் ஒரு மதியம், தூளிக்குள் ஒருக்களித்துத் திரும்பி, துணியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். அன்றைக்கே முடிச்சை அவிழ்த்தாயிற்று. மூன்று நாள் ரகளை. நான்காம் நாள் மதியம் பாயில் முக்கால் மணி நேரம் தூங்கினான். அம்மா இரண்டு முறை வந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.